அடுப்பைப் பார்த்து அண்டா வாங்குங்கள்

"அண்ணே, எத்தனை லிட்டர் எடுக்கலாம்?" பியர் காய்ச்ச எவர்சில்வர் அண்டா தேடி வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதில் சொல்லாமல், "வீட்டில் என்ன அடுப்பு இருக்கு?" என்று கேட்பேன். அடுப்பு தெரியாமல் அண்டாவின் அளவைச் சொல்ல முடியாது. சொன்னால் அது வியாபாரமாகத்தான் இருக்கும்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் சின்னதாக ஓர் எவர்சில்வர் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் செம்பனை ஆலையில் வெல்டர் வேலை. கோயிலுக்கு அன்னதான அண்டா, மாமாக் கடைக்குச் சோற்றுப் பானை, பசார் மாலம் என்கிற இரவுச் சந்தை வண்டிக்கு மேடை, இவைதான் வழக்கமான வேலைகள். பியர் அண்டா பிறகு வந்து சேர்ந்தது. ஜொகூரின் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பல பேர் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். என் சித்தி மகனும் ஈசூனில் இருக்கிறான். அவன்தான் முதலில் கேட்டான், அப்புறம் அவன் நண்பர்கள்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தக் குடிப்புக்காக வீட்டில் பியர் தயாரிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரைதான். விற்கக் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயம் எடுக்கவும் கூடாது. இங்கே மலேசியாவில் மது தயாரிப்பு 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அதனால் அண்டா இங்கே உருவாகிறது, பியர் அங்கே காய்கிறது. அந்த 30 லிட்டர் கணக்கை மனதில் வையுங்கள். அண்டாவின் அளவை அதுவும் கொஞ்சம் முடிவு செய்யும்.

சரி, அடுப்புக்கு வருவோம். பியர் காய்ச்சுவதில் அண்டாவுக்கு இரண்டு வேலை. நொறுக்கிய மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சக்கையை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள இனிப்பு நீரை, கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். இந்த இரண்டாவது வேலையில்தான் அடுப்பின் பலம் தெரியும். லேசாக முணுமுணுவென்று கொதித்தால் போதாது. நீர் மேலும் கீழும் புரண்டு கொதிக்க வேண்டும். ஹாப்ஸின் கசப்பு நீரில் இறங்குவதற்கும், மால்ட்டின் புரதம் திரண்டு பிரிவதற்கும் அந்தக் கொதி தேவை. அதோடு மால்ட்டில் உள்ள ஒரு பொருள் சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறும். வேக வைத்த சோளத்தின் வாடை அதற்கு. ஆவியோடு அது வெளியே போய்விட வேண்டும் என்பதால்தான் மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விடுகிறார்கள்.

இப்போது கணக்கு. 30 லிட்டர் தண்ணீரை நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 2.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வேண்டும். 2 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பில் கொஞ்சமும் சூடு வீணாகாவிட்டாலே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நிஜத்தில் பக்கவாட்டிலும் மேலேயும் சூடு போய்க்கொண்டே இருக்கும், இன்னும் இழுக்கும். கொதி வந்த பிறகும் பிரச்சினை தீராது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கே 0.6 யூனிட்டுக்கு மேல் தேவை. பெரிய அண்டாவை அந்த அடுப்பில் வைத்தால் ஓரத்தில் நாலு குமிழி வரும், அவ்வளவுதான். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னரும் இதில் பெரிதாக முந்திவிடாது. அதன் சூட்டில் பாதியளவு பானையைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும்.

தோட்டத்து வீட்டில் இந்தக் கவலை கிடையாது. பின்கட்டில் ஹை பிரஷர் அடுப்பு, பக்கத்தில் 14 கிலோ கேஸ் தோங். 50 லிட்டர் அண்டாவைக்கூடக் கொதிக்க வைத்துவிடலாம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அப்படித்தானே சமைக்கிறோம். ஆனால் அதே அடுப்பைச் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். மூடிய இடத்தில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் தயவு பார்த்துப் பேசுவதில்லை.

ஆகவே என் தம்பிக்கு நான் சொன்னது, 10 லிட்டர் பியருக்கு 20 லிட்டர் அண்டா. அவன் ஆசைப்பட்டது 40. இணையத்தில் பார்க்கிற குறிப்புகள் எல்லாம் 20 லிட்டர் பியருக்கே எழுதப்பட்டிருக்கும், அதனால் வருகிற ஆசை அது. மாதம் 30 லிட்டர்தான் எல்லை என்னும்போது, 10 லிட்டராக மூன்று வகை காய்ச்சிப் பழகுவது நல்லது என்பது என் எண்ணம். கை பழகுவது காய்ச்சுகிற தடவைகளில்தான், லிட்டரில் இல்லை.

வெளியில் வைத்துக் காய்ச்ச இடமும் அடுப்பும் இருக்கிறவர்களுக்கு 40 லிட்டர் சரி. 20 லிட்டர் பியர் கையில் கிடைக்க வேண்டுமானால், கொதிக்கும்போது 3, 4 லிட்டர் ஆவியாகும். அடியில் தங்கும் கசண்டோடு 1, 2 லிட்டர் போகும். கொதிநிலையிலிருந்து ஆறும்போது நீரின் கன அளவே 4 சதவீதம் சுருங்கும். ஆக 26, 27 லிட்டரில் தொடங்க வேண்டும். கொதி வரும் நேரத்தில் புரத நுரை ஒரே மூச்சில் பொங்கி வரும். பால் பொங்குவது போலத்தான், ஆனால் இது பிசுபிசுப்பு. பொங்கி அடுப்பில் வழிந்தால் சுரண்டி எடுக்க அரை நாள் போகும். அதற்கு மேலே இடம் விட வேண்டும். மால்ட்டைத் துணிப்பையில் போட்டு எல்லாத் தண்ணீரிலும் ஒரே அண்டாவில் ஊற வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஈர மால்ட் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் 30 லிட்டரில் தொடங்க வேண்டியிருக்கும். 5 கிலோ மால்ட் தானே 3 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். 33 லிட்டருக்கு மேல் போய்விட்டதா? கடையில் '35 லிட்டர்' என்று எழுதியிருப்பது விளிம்பு வரை ஊற்றின கணக்கு என்பதையும் மறக்காதீர்கள்.

அளவு முடிந்தது. இனி என் தொழில்.

எவர்சில்வர் என்று நாம் சொல்வது ஒரே உலோகம் இல்லை. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி என்பவர் உருக்கிக் கண்ட விஷயம் இது. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாகத் தகட்டை மூடிக்கொள்ளும். கீறினாலும் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். பாத்திரத்துக்கு நல்லது 304 ரகம், 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும். '18/8' என்று அடியில் அச்சடித்திருப்பது இதைத்தான். நிக்கல் விலை அதிகம் என்பதால், அதில் பாதியை எடுத்துவிட்டு மாங்கனீசைச் சேர்த்துச் செய்வது 201. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மலிவு அண்டாக்களில் இப்போது இதுதான் நிறைய. நிக்கலே இல்லாத 430 என்று ஒன்று உண்டு, அதில் காந்தம் நன்றாக ஒட்டும்.

காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள் என்று பல பேர் சொல்கிறார்கள். அந்தச் சோதனை பாதிதான் உதவும். காந்தம் கெட்டியாக ஒட்டினால் அது 304 இல்லை. ஒட்டாவிட்டால் அது 304 என்று சொல்லிவிட முடியாது, 201இலும் ஒட்டாது. நல்ல 304 தகட்டைக்கூட அழுத்தி வளைத்த விளிம்பிலும் மூலையிலும் காந்தம் லேசாகப் பிடிக்கும். இண்டக்ஷனுக்காகச் செய்த அண்டாவின் அடியில் வேண்டுமென்றே காந்தம் ஒட்டுகிற தகடு வைத்திருப்பார்கள். இரும்புக் கடைகளில் ரகம் பார்க்கிற திரவம் கிடைக்கும். ஒரு சொட்டு விட்டு சின்ன பேட்டரியைத் தொட வைத்தால், மாங்கனீசு அதிகமுள்ள தகட்டில் சொட்டு சிவக்கும். பட்டறைக்கு வாருங்கள், உங்கள் அண்டாவிலேயே போட்டுக் காட்டுகிறேன்.

201இல் பியர் காய்ச்சினால் விஷமா? இல்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மால்ட் நீரின் புளிப்பு பிஎச் 5.2, 5.6 அளவில்தான் இருக்கும். நம் ரசமும் புளிக்குழம்பும் அதைவிடப் புளிப்பு, உப்பும் சேர்ந்தது. கோயில் அண்டாக்களில்தான் நான் இதைக் கண்ணால் பார்க்கிறேன். பங்குனி உத்திரம் முடிந்து சாம்பார் மிச்சத்தோடு இரவு முழுக்கக் கிடந்த மலிவு அண்டாவில் ஊசி குத்தினது போலப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் குரோமியப் படலத்தைத் துளைக்கிற வேலை அது. 304 அதே நிலையில் வருஷக்கணக்கில் தாங்கும். பியர் அண்டாவுக்கு உப்பு வராவிட்டாலும் கழுவுகிற நாள் வரும். யாராவது ஒருவர் குளோராக்ஸ் ஊற்றி ஊற வைப்பார். அதுவும் குளோரைடு வேலைதான். அதனால் 304 வாங்குங்கள். 316க்கு இன்னும் கூடக் கொடுக்க வேண்டாம், கடலோரத்துக்கும் ரசாயன ஆலைக்கும் உரிய ரகம் அது.

தகட்டின் கனம் சுவரில் 1 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அடிப்பாகம்தான் முக்கியம். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மந்தம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்கு வருமா என்பதே சந்தேகம். தீ படுகிற இடம் மட்டும் கொதித்து, பக்கத்து இடம் சும்மா இருக்கும். மால்ட் சர்க்கரை அந்தச் சூட்டுப் புள்ளியில் அடிப்பிடித்தால் பியர் முழுக்கக் கருகல் வாடை, அதை எதைப் போட்டும் எடுக்க முடியாது. அதனால் நடுவில் அலுமினியத் தகடு வைத்து இரண்டு பக்கமும் எவர்சில்வர் மூடிய அடியுள்ள அண்டாவைத் தேடுங்கள். ஓட்டல் சாமான் கடையில் விற்கும் நல்ல சூப் பானைகளில் இது இருக்கும். 'பியர் அண்டா' என்று பெயர் ஒட்டியதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கைப்பிடியை ரிவெட் அடித்திருந்தால் உள்பக்கம் தலை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் இடுக்கில் சர்க்கரை தங்கும். வெளியிலிருந்து பற்றவைத்த கைப்பிடியை விரும்புங்கள். அகலமான அண்டாவைவிடக் கொஞ்சம் உயரமானது நல்லது. அகலம் கூடக் கூட ஆவியும் கூடும்.

பிறகு குழாய். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒழுகிக்கொண்டு என்னிடம் வருகிற அண்டாக்களில் பெரும்பாலானவை இங்கேதான் ஒழுகுகின்றன.

10 லிட்டர் காய்ச்சுகிறவருக்குக் குழாய் வேண்டாம். தூக்கி ஊற்றிவிடலாம், ஆறின பிறகு. 20 லிட்டர் காய்ச்சுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். கொதிக்கிற சர்க்கரை நீர் 27 லிட்டரும் அண்டாவும் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும். அதை யாரும் தூக்கக் கூடாது.

குழாயை இரண்டு விதமாகப் பொருத்தலாம். துளையிட்டு, சிலிகான் வளையம் வைத்து, உள்ளும் புறமும் நட்டு போட்டு இறுக்குவது ஒன்று. பற்றவைப்பது இன்னொன்று. வெல்டர் சொல்கிறேன், முதல் வழி மோசமில்லை. வளையம் காய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், கழற்றிக் கழுவலாம். மோசமான பற்றவைப்பைவிட அது எவ்வளவோ மேல். பற்றவைப்பதானால் ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங் செய்ய வேண்டும், அதோடு அண்டாவின் உள்பக்கத்துக்கும் ஆர்கான் கொடுக்க வேண்டும். பல பட்டறைகளில் இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுகிறார்கள். வெளியில் பார்த்தால் தையல் அழகாக இருக்கும். உள்ளே காற்று பட்ட பக்கம் கருத்து, கரடு தட்டி, பொரி போல வெடித்திருக்கும். அந்தக் கரட்டில் குரோமியப் படலம் கிடையாது, துரு அங்கேதான் தொடங்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடுக்குச் சுத்தமாகாது. அண்டா வாங்கும்போது கையை உள்ளே விட்டுத் தையலைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்க வேண்டும். நீலமோ கறுப்போ தெரிந்தால், அமிலப் பசை போட்டு நீக்கித் தரச் சொல்லுங்கள். அந்தப் பசையை வீட்டில் நீங்களே தொடாதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலைத் தாண்டி எலும்பு வரை போகும்.

மரையிலும் ஒரு சிக்கல் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழாய்க் கடையில் கிடைப்பது பிரிட்டிஷ் மரை, பிஎஸ்பி. அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிற பியர் சாமான்களில் இருப்பது அமெரிக்க மரை, என்பிடி. அரை இஞ்சு அளவில் இரண்டுக்குமே ஓர் இஞ்சுக்கு 14 சுற்று. அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும், பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் சூடேறியதும் கசியும். எல்லாவற்றையும் ஒரே மரையில் வாங்குங்கள். நம் ஊரில் பிஎஸ்பி வாங்கினால் உடைந்துபோனது குளுவாங்கிலேயே கிடைக்கும்.

நீங்களே துளையிடுகிறீர்களா? அரை இஞ்சு பிஎஸ்பிக்கு வெளி அளவு 20.955 மில்லிமீட்டர், ஆக 21 மில்லிமீட்டர் துளை. ஸ்டெப் டிரில்லை மெதுவாகச் சுற்றவிட்டு, நன்றாக அழுத்தி, எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். வேகமாகச் சுற்றி லேசாகத் தேய்த்தால் அந்த இடம் சூடேறி இறுகிப்போய் டிரில்லை மழுக்கிவிடும். இன்னொன்று, சாதா இரும்பை அறுத்த கிரைண்டர் தட்டை எவர்சில்வர்மேல் வைக்காதீர்கள். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு இரண்டே நாளில் துருப் பொட்டு வைக்கும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தாலும் இதே கதிதான். வால்வு, உள்ளே உருண்டை திரும்பித் திறக்கிற 'பால் வால்வாக', மூன்று துண்டாகக் கழற்ற முடிவதாக இருக்கட்டும். உருண்டைக்குப் பின்னால் தங்கும் சர்க்கரையைக் கழற்றாமல் எடுக்க வழியில்லை.

அண்டாவின் வயிற்றில் பதித்த முள் தெர்மாமீட்டருக்கும் கண்ணாடி அளவுக் குழாய்க்கும் ஆசைப்படாதீர்கள். ஒவ்வொன்றும் இன்னொரு துளை, இன்னொரு கசிவு. கையில் பிடிக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேகமாகவும் சரியாகவும் காட்டும்.

என்னிடம் ஒரே ஒரு வேலையைக் கேட்டால் நான் செய்ய மாட்டேன். மூடியை இறுக்கி அதிலிருந்து குழாய் எடுத்துத் தரச் சொல்வது. அது வடிப்பதற்கு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்குப் பிறகு சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்து எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பதை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மது குடித்துப் பலர் செத்தார்கள். வீட்டில் பியர் என்றதும் சித்தி முகம் வாடியதற்கு இத்தனையும் காரணம். தம்பி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது வடிப்பது இல்லை, மால்ட்டைப் புளிக்க வைப்பது, விற்பதும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னான். அந்த அண்டாவில் வேறு எதையும் சமைக்க மாட்டேன், விரத நாளில் அடுப்பிலேயே ஏற்ற மாட்டேன் என்றும் சொன்னான். சித்தி சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டார்.

அண்டா வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலை வெதுவெதுப்பாக அரை மணி நேரம் ஊற்றி வைத்தால் தகட்டில் ஒட்டிய இரும்புத் துகள் போய்விடும். தினப்படிக் கழுவலுக்கு சோடியம் பெர்கார்பனேட் போதும்.

கொதித்த நீருக்குள் இறக்கி, உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு ஆற வைக்கும் குழாய்ச் சுருளையும் அண்டாவோடு சேர்த்தே யோசியுங்கள், உள்ளே இறங்குகிற அகலம் வேண்டும். இனிப்பு நீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டை, அது ஆறின பிறகுதான் போட வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் 28, 30 டிகிரி என்பதால் அதை மட்டும் ஓடவிட்டு 20 டிகிரிக்கு இறக்க முடியாது. ஐஸ் வாளிக்குள் இன்னொரு சுருளை வைத்துத் தண்ணீரைக் குளிர வைக்கலாம். அல்லது நார்வே பண்ணை வீடுகளிலிருந்து வந்த குவைக் ஈஸ்ட்டைப் போடலாம். 30 டிகிரிக்கு மேலேயும் அது சந்தோஷமாக வேலை செய்யும், நம் சீதோஷ்ணத்துக்கென்றே பிறந்தது போல.

மால்ட் வாங்குவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை ஒரு முறை கொதிக்க விடுங்கள். ஒவ்வொரு லிட்டராக அளந்து ஊற்றி, ஒரு மரக்கரண்டியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அடுப்பில், மூடி இல்லாமல், ஒரு மணி நேரம். எத்தனை லிட்டர் குறைந்தது என்று குறித்து வையுங்கள். அந்த எண் உங்கள் அண்டாவுக்கும் உங்கள் அடுப்புக்கும் மட்டுமே உரியது. இனி எந்தக் குறிப்பைப் பார்த்தாலும், அதில் எழுதியுள்ள தண்ணீர் அளவை அடித்துவிட்டு உங்கள் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு லிட்டர்கூடக் குறையவில்லை என்றால் அண்டாவைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த முறை தண்ணீரைப் பாதியாக்கி வைத்துப் பாருங்கள்.